பீப்பாயை யார் தொடலாம்?

(வாசகர் கூடுகை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இஸ்ரேலின் சிறிய ஒயின் ஆலைகளுக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுவையைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள், மீதிப் பேர் தாகத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் சுவையைக் கொஞ்சமாகவும் கைகளைப் பற்றிக் கூடுதலாகவும் பேசலாம் என்றிருக்கிறேன். அங்கே ஒரு பீப்பாயை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று விசாரித்துக்கொண்டே போனால் போதும். அந்த நாட்டின் மதம், வியாபாரம், நிலத்தகராறு, போர் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும்.

எருசலேமிலிருந்து மேற்கே கடலை நோக்கி இறங்குகிற மலைகளுக்கு யூதேயா குன்றுகள் என்று பெயர். அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய செம்மண். பைன் காடுகளுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து போகும். பெய்த் ஷெமெஷ் ஊரைச் சுற்றி அரை மணி நேரப் பயணத்துக்குள் பத்து இருபது ஆலைகள் இருக்கும். வேதாகமம் வாசித்தவர்கள் இந்த இடத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சோரா, எஸ்தாவோல், சோரேக் பள்ளத்தாக்கு. சிம்சோன் பிறந்து வளர்ந்து தெலீலாளிடம் மாட்டிக்கொண்ட ஊர்கள். சிம்சோனின் தாய் கருவுற்றபோது திராட்சரசம் தொடக்கூடாது என்று தேவதூதன் கட்டளையிட்டதாகக் கதை. அந்தச் சோராவின் பெயரிலேயே இன்று ட்ஸோரா என்றொரு ஒயின் ஆலை இருக்கிறது, நாட்டின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. தூதன் இன்று வந்தால் கொஞ்சம் சங்கடப்படுவான்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. பக்கத்திலேயே தாவோஸ், மெசிலாத் சியோன் என்ற இரண்டு கிராமங்களை 1950 வாக்கில் உருவாக்கியவர்கள் கொச்சியிலிருந்து போன யூதர்கள். மலையாளம் பேசிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இந்தக் குன்றுகளில்தான் வளர்ந்தார்கள்.

இனி ஓர் ஆலைக்குள் போவோம். பெயர் வேண்டாம். மொஷாவ் எனப்படும் குடியானவர் கூட்டுறவுக் கிராமம் ஒன்றில், முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கொட்டகை. தகரக் கூரைக்கு அடியில் காப்புப் பலகை அடித்துக் குளிரூட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் ஓக் மரமும் ஈரச் சிமெண்டும் லேசான புளிப்பும் கலந்த வாசம். இரண்டு அடுக்காகப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் 225 லிட்டர். அதன் நெற்றியில் சாக்குக்கட்டியால் வயலின் பெயர், திராட்சையின் பெயர், ஆண்டு. உருக்குத் தொட்டிகளின் குழாய்களில் எல்லாம் ஒரு சின்ன நாடாவைச் சுற்றி முத்திரை வைத்திருந்தார்கள். உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பீப்பாயிலிருந்து நேராக எடுத்துச் சுவைத்துப் பாருங்கள் என்றார். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

தலையில் கிப்பா என்ற சிறு தொப்பி அணிந்த ஓர் இளைஞர் வந்தார். பீப்பாயின் வயிற்றிலிருந்த அடைப்பானை உருவி, நீண்ட கண்ணாடிக் குழலை உள்ளே விட்டு, மேல் துளையைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, என் கோப்பையில் இரண்டு மிடறு அளவு விட்டார். அடைப்பானைத் திரும்பச் செருகினார். போய்விட்டார். கொடி தன்னுடையது, பீப்பாய் தன்னுடையது, வங்கிக் கடனும் தன்னுடையது, அடைப்பானைத் தொடும் உரிமை மட்டும் தனக்கில்லை என்று சொல்லி உரிமையாளர் சிரித்தார். அவர் யூதர்தான். ஆனால் சனிக்கிழமை கார் ஓட்டுகிறவர். அது போதும், தடை விழுந்துவிடும்.

இதுதான் கோஷர் விதி. உணவு விஷயத்தில் கோஷர் என்றால் பன்றி கூடாது, இறைச்சியையும் பாலையும் கலக்கக்கூடாது என்று பலருக்கும் தெரியும். ஒயினுக்கு விதி வேறு மாதிரி. எதைச் சேர்க்கிறீர்கள் என்பதோடு யார் தொடுகிறார்கள் என்பதையும் அது பார்க்கும். திராட்சை பழமாக இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், சுமக்கலாம். நசுங்கிச் சாறு ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து, பாட்டிலில் அடைத்துத் தக்கை போடும்வரை, சப்பாத் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிற யூதரின் கைதான் படவேண்டும். பிற தெய்வங்களுக்கு வார்க்கப்பட்ட ஒயின் தவறிக்கூடத் தம் வாயில் படக்கூடாது என்ற பழைய அச்சத்தில் தொடங்கிய விதி. கூடவே, மற்ற சமூகத்தாரோடு சேர்ந்து குடித்தால் சம்பந்தம் கலந்துவிடும் என்ற கவலையும் அதில் உண்டு. பந்தியில் யாரோடு உட்காரலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம் என்ற கணக்குகளை நம் ஊரும் நன்றாகவே போட்டிருக்கிறது. ஆகவே நாம் இதைக் கேட்டு ரொம்பவும் வியப்பதற்கு இடமில்லை.

விதி இருந்தால் வழியும் இருக்கும். கொதிக்கவைத்த ஒயினைப் பலிபீடத்தில் வார்ப்பதில்லை. அதனால் சூடாக்கிய ஒயினை யார் தொட்டாலும் தீட்டில்லை என்று சட்டம் சொன்னவர்கள் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். இதற்கு மெவுஷால் என்று பெயர். இப்போது பானையில் வைத்துக் கொதிக்கவைப்பதில்லை. 80 டிகிரிக்கு மேல் சில நொடி சூடேற்றி உடனே குளிரவைக்கிறார்கள். கல்யாண விருந்துகளில் பரிமாறுகிறவர் யாராக இருந்தாலும் சிக்கல் வராது என்பதால் விருந்து நடத்துகிறவர்களுக்கு இது வசதி. சிறிய ஆலைக்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். மூன்று ஆண்டு பார்த்துப் பார்த்து வளர்த்ததை மூன்று நொடியில் வேகவைப்பதா என்பது அவர்கள் கட்சி.

சுவைக்கப் போகிறவர் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. மேசையில் திறந்து வைத்திருக்கும் பாட்டிலைத் தூக்கி நாமே ஊற்றிக்கொள்ளக் கூடாது. ஊற்றித் தருவார்கள், காத்திருக்க வேண்டும். கோப்பை நம்முடையது, பாட்டில் அவர்களுடையது. சில ஆலைகளில் பீப்பாய் அறையைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி.

அறுவடைக் காலத்தில் இந்த விதி என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். கடற்கரைப் பகுதியில் ஜூலை கடைசியிலேயே தொடங்கி, உயரமான மலைகளில் அக்டோபர் வரை பறிப்பு நடக்கும். யூதர்களின் புத்தாண்டு, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை மூன்றும் செப்டம்பர், அக்டோபரில்தான் அடுத்தடுத்து வரும். சிவப்பு ஒயின் நொதிக்கும்போது தோலும் விதையும் மேலே மிதந்து தடித்த ஏடாகக் கட்டிக்கொள்ளும். அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும், அல்லது அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே பீய்ச்ச வேண்டும். இல்லையென்றால் ஏடு காய்ந்து காடியாகிவிடும். நொதிக்கிற தொட்டிக்கு சப்பாத் தெரியாது, வேலை செய்கிறவருக்கோ அன்று விளக்கைப் போடவும் அனுமதி இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் பம்புகளுக்கு நேரம் குறித்து வைத்துவிட்டு, சனிக்கிழமை நட்சத்திரம் தெரிந்ததும் ஓடிவருகிறார்கள்.

வயலுக்கும் விதிகள் உண்டு. நட்ட முதல் மூன்று ஆண்டு காயைத் தொடக்கூடாது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு தரவேண்டும். கடைசியாக 2021-22இல் வந்தது. ஓர் ஆண்டு முழுக்க அறுவடை இல்லையென்றால் ஆலை என்ன ஆவது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிலத்தை யூதரல்லாத ஒருவருக்குக் காகிதத்தில் விற்றுவிட்டு, ஆண்டு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. 1889இலிருந்தே நடக்கிறது. கடுமையான மதகுருமார் பலர் இதை ஏற்பதில்லை என்றாலும் நடக்கிறது. இன்னொரு சடங்கை நான் நேரில் பார்த்தேன். எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் குருக்களுக்குக் கொடுத்த பங்கின் நினைவாக, விளைந்ததில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக ஒயினைத் தரையில் கொட்டிவிடுகிறார்கள். வாங்க ஆலயமும் இல்லை, அங்கே பணிசெய்யும் குருவும் இல்லை. மந்திரம் சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டார்கள். செக்கச்செவேலென்று சாக்கடை வாய்க்குள் ஓடியது. பக்கத்தில் நின்ற கணக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி இருக்கும்போது ஏன் கோஷர் முத்திரையை வாங்குகிறார்கள்? முத்திரை இல்லையென்றால் பெரிய கடைத்தொடர்களும் ஓட்டல்களும் வாங்காது. அமெரிக்க யூதர்களின் சந்தையும் கிடைக்காது. சில ஆயிரம் பாட்டில்களோடு நிற்கிற ஆலை முத்திரை இல்லாமல் தைரியமாக இருக்கலாம். ஐம்பதாயிரம் பாட்டில் போட்டுவிட்டால் விற்றாக வேண்டுமே! முதலில் சொந்தக் கையால் தொடங்கி, வளர்ந்ததும் கையை எடுத்துக்கொள்வதுதான் பல ஆலைகளின் வரலாறு.

அந்த வரலாற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1880களில் ரஷ்யா, ருமேனியா பக்கமிருந்து வந்து குடியேறிய யூதர்களுக்கு விவசாயம் தெரியாது. பாரிஸ் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த எட்மண்ட் டி ராத்ஸ்சைல்ட் அவர்களைக் கைதூக்கிவிட்டார். இவருடைய தந்தைதான் 1868இல் பிரான்ஸின் புகழ்பெற்ற லஃபீத் தோட்டத்தை வாங்கியவர். ஆகவே மகனுக்கும் திராட்சைதான் தோன்றியிருக்கிறது. பிரெஞ்சு நிபுணர்களை அனுப்பினார், பிரெஞ்சுக் கொடிகளை நட்டார், ரிஷோன் லெசியோனிலும் ஸிக்ரோன் யாக்கோவிலும் பிரம்மாண்டமான நிலவறைகளைக் கட்டினார். 1906இல் நிர்வாகம் விவசாயிகளின் கூட்டுறவுக்கு மாறியது. கார்மல் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. பின்னாளில் முதல் பிரதமரான டேவிட் பென் குரியன் இளைஞராக வந்த புதிதில் ரிஷோன் லெசியோன் ஆலையில் கூலிக்கு வேலை பார்த்திருக்கிறார். ஆனால் நிலவறையின் பிரம்மாண்டம் பாட்டிலில் இல்லை. ஏறக்குறைய நூறாண்டு காலம் அங்கே விளைந்தது பெரும்பாலும் தித்திப்பான சடங்கு ஒயின். வெள்ளிக்கிழமை இரவு பிரார்த்தனைக்கு ஒரு கோப்பை, பஸ்கா பண்டிகைக்கு நாலு கோப்பை. இருமல் மருந்து மாதிரி இருக்கும். யாரும் சுவைக்காகக் குடிக்கவில்லை.

திருப்பம் 1983இல் கோலான் மேட்டில் வந்தது. கலிஃபோர்னியப் பேராசிரியர் ஒருவர் 1972இல் அந்தப் பக்கம் வந்து, இந்த உயரமும் குளிரும் எரிமலை மண்ணும் திராட்சைக்குப் பொருத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். 1976இல் கொடி நட்டார்கள், கட்ஸ்ரின் என்ற ஊரில் ஆலை எழுந்தது. யார்டன் என்ற பெயரில் அதன் ஒயின் வெளிநாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கத் தொடங்கியதும் உள்ளூர்க்காரர்களுக்குக் கண் திறந்தது. இந்த நாட்டிலும் நல்ல ஒயின் செய்யலாம் போலிருக்கிறதே!

அடுத்து வந்தவர்கள்தான் நம் கதாநாயகர்கள். ஒருவருக்கும் இது பரம்பரைத் தொழில் கிடையாது. யாயிர் மார்கலித் வேதியியலாளர், 1989இல் ஆலை தொடங்கினார். சிறிய ஆலைகளுக்கென்றே கையேடு எழுதியவர், உலகம் முழுக்கச் சிறு தயாரிப்பாளர்கள் அதை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். எலி பென் ஸாகென் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் பிறந்தவர், எருசலேமில் இத்தாலிய உணவகம் நடத்தியவர். ராமத் ராஸியேல் கிராமத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் 1988இல் கொடி நட்டார். 1992இல் எடுத்த முதல் ஒயின் மொத்தமே 600 பாட்டில். அதில் ஒன்று லண்டனில் சோத்பிஸ் ஏலக் கம்பெனியின் ஒயின் பிரிவுத் தலைவி செரீனா சட்க்ளிஃப் கைக்குப் போய், அவர் பாராட்டியதும் டொமேன் டு காஸ்டெல் என்ற பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஸெயேவ் டூனி திரைப்படத் துறையிலிருந்து வந்தவர், தன் ஒயின்களுக்கு ஃபெலினி, லெனன், காம்யூ என்று பெயர் வைத்தார். ஃப்ளாம் சகோதரர்கள் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அவர்களுடைய தந்தை கார்மல் ஆலையின் தலைமை ஒயின் தயாரிப்பாளராக இருந்தவர். தந்தை பெரிய ஆலையில் செய்ய முடியாததை மகன்கள் சிறிய ஆலையில் செய்தார்கள் என்று சொல்லலாம்.

ஹாரெட்ஸ் நாளிதழில் எழுதிய டேனியல் ரோகோவ் என்ற விமர்சகர் ஆண்டுதோறும் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டு ஒவ்வொரு ஒயினுக்கும் மதிப்பெண் கொடுப்பார். 2011இல் காலமானார். பெரிய ஆலை, சின்ன ஆலை என்று பாராமல் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒருவர் துணிந்து எழுதியதால்தான் கோழிக்கொட்டகை ஆலையைத் தேடி ஆள் வந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. விமர்சனத்துக்கு அவ்வளவு பலன் உண்டு என்பதைத் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் யாராவது சொல்லலாம்.

சரி, சுவை. நான்கைந்து ஒயின் தருவார்கள். வெள்ளையில் தொடங்கி, ரோஸ் என்கிற இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு. கூடவே பக்கத்துப் பண்ணையின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி, ஆலிவ் எண்ணெய். துப்புவதற்கு ஒரு வாளி இருக்கும். கார் ஓட்டுகிறவர் அதை வெட்கப்படாமல் பயன்படுத்த வேண்டும், போலீஸ் ஊதச்சொல்லும். யூதேயா குன்றுகளின் கபர்னே சாவிக்னான் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே திராட்சையை உலகம் முழுக்க எல்லாரும் செய்கிறார்கள், அதுவும் மலிவாக. அங்கே சிறிய ஆலை ஒயின் பாட்டிலுக்கு நூறு ஷெக்கேலுக்கு மேல் போகும். என் ஓட்டு கரிஞானுக்கு. ராத்ஸ்சைல்டின் ஆட்கள் விளைச்சல் அதிகம் என்பதற்காக ஊர் முழுக்க நட்ட ரகம். நெடுங்காலம் மட்ட ஒயினுக்குத்தான் போனது. ஸிக்ரோன் யாக்கோவ் பக்கம் வயதான கொடிகள் சில மிஞ்சின, பந்தலும் கம்பியும் இல்லாமல் தரையோடு புதராக நிற்பவை. முதிர்ந்த கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும், காய்ப்பதில் சாரம் கூடும். விட்கின் போன்ற ஆலைகள் அதைத் தனியாக எடுத்துச் செய்து பார்த்தன. வாயில் வைத்ததும் புளிப்பு முதலில் வந்து எச்சில் ஊறவைக்கும். பிறகு காய்ந்த மூலிகையின் வாசம். விழுங்கியபின், நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு துவர்ப்பு நின்று பிடிக்கும். தித்திப்பு துளியும் கிடையாது. வெயில் நாட்டு ஒயினுக்குப் புளிப்பு இல்லையென்றால் கஞ்சிதான். அந்தப் புளிப்பைக் கரிஞான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது கைகளுக்குத் திரும்புவோம். பழமாக இருக்கும்வரை யாரும் தொடலாம் என்றேன் அல்லவா? அங்கே பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அரேபியர் ஆட்சி வந்தபின் ஒயின் தொழில் படிப்படியாகத் தேய்ந்தது. திராட்சை போகவில்லை. தின்பதற்கும் உலர்த்துவதற்கும் பாகு காய்ச்சுவதற்கும் பாலஸ்தீன விவசாயிகள் ஹம்தானி, ஜந்தாலி, தபூக்கி, பலாதி என்ற நாட்டு ரகங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். பெத்லகேமுக்குப் பக்கத்தில் கிரெமிசான் மடத்தின் சலேசியத் துறவிகள் 1885இலிருந்து ஒயின் செய்கிறார்கள். 2008 வாக்கில் இந்த நாட்டு ரகங்களை அவற்றின் சொந்தப் பெயரிலேயே பாட்டிலில் போட்டு விற்றார்கள். சில ஆண்டு கழித்து ஏரியேல் பல்கலைக்கழகத்தில் எல்யாஷிவ் த்ரோரியின் குழு மரபணு ஆராய்ச்சி செய்து, உள்ளூர்ப் பழமை வாய்ந்த ரகங்களை அடையாளம் காட்டத் தொடங்கியது. ரெகானாட்டி என்ற இஸ்ரேலிய ஆலை மராவி என்ற பெயரில் 2014ஆம் ஆண்டு விளைச்சலை 2015இல் வெளியிட்டது. மராவி என்பதும் ஹம்தானி என்பதும் ஒரே திராட்சை. தாவீது ராஜா இதைத்தான் குடித்திருப்பாரா என்று பத்திரிகைகள் கேட்டன.

அந்தத் திராட்சையை விளைவித்தவர் ஒரு பாலஸ்தீன விவசாயி. அவர் பெயரை எங்கும் வெளியிடவில்லை, வெளியிட வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டார். இஸ்ரேலியருக்கு விற்றார் என்று ஊரில் பேச்சு வரும். மதுவுக்கு விற்றார் என்று இன்னொரு பேச்சு வரும். அவர் கை கொடியைத் தொடலாம், குலையை வெட்டலாம், கூடையில் அடுக்கலாம். நசுக்கும் இயந்திரத்தின் வாயோடு அவர் கை முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு விதி அனுமதிக்காது. அவருடைய மதம் குடிக்கவும் அனுமதிக்காது. ஆராய்ச்சி நடந்த பல்கலைக்கழகம் மேற்குக்கரையில் ஒரு யூதக் குடியேற்றத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திராட்சை யாருடைய பாரம்பரியம் என்ற சண்டை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்பது புரியும். மராவி வெள்ளை ஒயின், மென்மையானது. நான் குடித்தபோது சுமார் என்றுதான் பட்டது. ஆனால் அந்த மேசையில் என்னை யோசிக்க வைத்த ஒரே பாட்டில் அதுதான்.

இஸ்ரேலுக்குள்ளேயே அரபுக் கிறிஸ்தவர்கள் நடத்தும் ஆலைகளும் உண்டு. கலிலேயாவின் ஜிஷ் ஊரில் ஜஸ்கலா. கஃப்ர் யாசிஃபில் அஷ்கர். 1948இல் ராணுவம் காலிசெய்யச் சொன்ன இக்ரித் கிராமத்தின் பெயரை அஷ்கர் ஆலை தன் ஒயினுக்கு வைத்திருக்கிறது. அந்தக் கிராமத்தார் திரும்பலாம் என்று 1951இல் நீதிமன்றமே சொன்னது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ராணுவம் வீடுகளைத் தகர்த்தது. இவர்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இவர்களுடைய கையால் செய்த ஒயின் கோஷர் ஆக முடியாது, ஆகவே பெரிய கடைகளின் அலமாரி இவர்களுக்கு இல்லை. தேடிப்போய்த்தான் குடிக்க வேண்டும். போங்கள் என்று சொல்வேன்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலான் மேடு 1967 போரில் சிரியாவிடமிருந்து பிடித்த இடம். 1981இல் இஸ்ரேல் தன் சட்டத்தை அங்கே நீட்டியது. செல்லாது என்றது ஐ.நா. பாதுகாப்பு அவை. 2019இல் அமெரிக்கா மட்டும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், மேற்குக்கரைக் குடியேற்றம் ஒன்றின் ஒயின் ஆலை சம்பந்தப்பட்ட வழக்கில், இத்தகைய இடங்களின் பொருளுக்கு இஸ்ரேலில் விளைந்தது என்று மட்டும் சீட்டு ஒட்டக்கூடாது, குடியேற்றத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்காக ராஜா ஆகாப் என்ன செய்தான் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வழக்கு புதிதாகத் தோன்றாது. நான் பாட்டிலின் பின்சீட்டைப் படித்து, எந்த வயல் என்று கேட்டுத்தான் வாங்கினேன். கேட்டால் சொல்கிறார்கள். சிலர் நீளமாகச் சொல்கிறார்கள்.

தெற்கே நெகேவ் பாலைவனம் வேறு உலகம். ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டர் மழை வந்தால் அதிகம். ஆனால் அவ்தாத் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் கல்லில் வெட்டிய திராட்சைப் பிழியும் தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். பைசாந்தியர் காலத்தில் இந்தப் பாலைவனத்து ஒயின் காசா துறைமுகத்திலிருந்து கப்பலேறி மத்தியதரைக்கடல் முழுக்கப் போனது. நீண்டு ஒடுங்கிய காசா சாடிகள் ஐரோப்பாவிலும் கிடைத்திருக்கின்றன. யாவ்னே நகரில் 2021இல் தோண்டியபோது, ஆண்டுக்கு இருபது லட்சம் லிட்டர் ஒயின் செய்திருக்கக்கூடிய 1,500 ஆண்டுப் பழைய ஆலை வெளிப்பட்டது. அங்கும் அதே சாடிகள். இன்று காசா என்ற பெயரைக் கேட்டால் நமக்கு என்ன தோன்றுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நெகேவின் பழைய படிக்கட்டு வயல்களில் இப்போது குடும்பப் பண்ணைகள் மறுபடி கொடி நட்டிருக்கின்றன. பென் குரியன் ஓய்வு பெற்றுப் போய் வாழ்ந்த ஸ்தே போக்கர் கிப்புட்ஸிலும், அதாவது கூட்டுடைமைப் பண்ணைக் கிராமத்திலும், ஒரு சின்ன ஆலை உண்டு. எல்லாம் சொட்டுநீரில் நிற்கிறது. அந்தக் குழாயை உலகுக்கு விற்கிற நெட்டாஃபிம் 1965இல் பிறந்ததும் நெகேவின் ஹட்ஸெரிம் கிப்புட்ஸில்தான். பகலில் அடுப்பு, இரவில் சட்டென்று குளிர். அந்த இறக்கத்தில்தான் காயில் புளிப்பு தங்குகிறது. பறிப்பை இரவில், தலையில் விளக்கு கட்டிக்கொண்டு செய்கிறார்கள்.

பறிக்கிறவர் யார்? நெடுநாள் பாலஸ்தீனத் தொழிலாளர்கள். பிறகு தாய்லாந்திலிருந்து வந்தவர்கள். 2023 அக்டோபர் 7 தாக்குதலில் தாய்லாந்துத் தொழிலாளர்களும் கொல்லப்பட்டார்கள், கடத்தப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். பாலஸ்தீனர்களின் வேலை அனுமதி ரத்தானது. லெபனான் எல்லையோர ஊர்களைக் காலிசெய்தபோது கலிலேயாவின் வயல்கள் சில ராணுவத் தடைப் பகுதிக்குள் போய்விட்டன. தெரிந்தவர், தெரியாதவர் என்று தன்னார்வலர்கள் வந்து பறித்தார்கள். சப்பாத் கடைப்பிடிக்கும் கை வேண்டும் என்று தேடிய ஆலைகள், எந்தக் கையாவது வந்தால் போதும் என்று காத்திருந்தன.

இனி போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சண்டை ஓய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேருந்தை நம்ப வேண்டாம், இந்தக் கிராமங்களுக்கு அடிக்கடி வராது. கார் ஓட்டக் குடிக்காத ஒரு நண்பரைப் பிடியுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள், சின்ன ஆலையில் உரிமையாளரே டிராக்டரில் இருப்பார். வெள்ளிக்கிழமை காலையில் டெல் அவிவ் கூட்டம் மொத்தமும் வந்துவிடும், புதன் வியாழன் உத்தமம். சனிக்கிழமை கோஷர் ஆலைகள் பூட்டு, மற்றவை திறந்திருக்கும். எது எந்த வகை என்று கேட்பதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரே நாளில் மூன்று ஆலைக்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். வாங்கி வருவதென்றால் நம் சுங்கத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள், அதாவது 750 மில்லியில் இரண்டு பாட்டில். ஒன்று பழைய கொடியின் கரிஞானாக இருக்கட்டும். இன்னொன்றுக்கு ஜிஷ் வரை போய் வாருங்கள். அங்கே பாட்டிலை நீங்களே தூக்கி ஊற்றிக்கொள்ளலாம்.